விக்டோரியா ஏரில வலையை எரிக்கிறாங்க, வித்தவனை விட்டுடறாங்க

விக்டோரியா ஏரில மீன் குறைஞ்சுபோச்சுன்னு யாராவது பேச ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷத்துல பேச்சு வலைக்கண்ணுக்கு வந்துடும். உகாண்டால நான் வேலை பார்த்தது ஏரிக்கரைல இருந்த ஒரு மீன் பிராசசிங் ஃபேக்டரில, குவாலிட்டி செக்‌ஷன். அதனால இந்தப் பேச்சை படகுக்காரங்க வாயிலயும் கேட்டிருக்கேன், ஆபீசருங்க வாயிலயும் கேட்டிருக்கேன், மீனை விமானத்துல ஏத்தி அனுப்புற மொதலாளிங்க வாயிலயும் கேட்டிருக்கேன். எல்லாரும் வலையைத்தான் திட்டுவாங்க. அந்த வலை எங்கிருந்து வருது, அதுல மாட்டுன மீனை யாரு வாங்குறாங்கன்னு கேட்டா மட்டும் யாருக்கும் காது கேக்காது. அதைப்பத்தி எழுதாம இருக்க முடியல.

ஏரியோட அளவை மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா ஏரின்னதும் நமக்கு மனசுல வர்றது வேற. இது 68,800 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல பாதிக்கும் மேல. நன்னீர் ஏரிகள்ல பரப்பளவுல உலகத்துல ரெண்டாவது. ஆனா பரப்புக்கு ஏத்த ஆழம் கிடையாது, ரொம்ப ஆழமான எடத்துலயே சுமார் 80 மீட்டர்தான். தான்சானியாவுக்கு கிட்டத்தட்ட பாதி, உகாண்டாவுக்கு அதுக்கு கொஞ்சம் கம்மி, கென்யாவுக்கு 6 சதவீதம். 2000ல கணக்கெடுத்தப்ப 1 லட்சத்து 29 ஆயிரம் பேர் மீன்பிடிச்சிட்டு இருந்தாங்க, 2016ல அது 2 லட்சத்து 19 ஆயிரத்துக்கு மேல போயிடுச்சு. ஏரி அதே ஏரிதான்.

இப்ப வலைக்கண்ணுக்கு வர்றேன். வலையை கையில எடுத்து ஒரு கண்ணோட எதிரெதிர் முடிச்சு ரெண்டையும் பிடிச்சு இறுக்கி இழுத்தா அந்தக் கண்ணு மூடி ஒரே கோடா நிக்கும், அந்தக் கோட்டோட நீளம்தான் கண்ணளவு. உகாண்டால திலாப்பியா (நம்மூர் ஜிலேபி மீன் வகை) பிடிக்கிற செவுள்வலைக்கு குறைஞ்சபட்சம் 5 இன்ச், மத்த மீனைத் தின்னு வளர்ற பெரிய மீனான நைல் பெர்ச்சுக்கு 7 இன்ச். செவுள்வலை எப்படி வேலை செய்யும்னா, தண்ணில சுவர் மாதிரி நிக்கும், மேல மிதவை, கீழ குண்டு, மீன் தலையை நுழைச்சு முன்னாடி போகப் பார்க்கும், ஒடம்பு மாட்டிக்கும், பின்னாடி வரலாம்னா செவுள் மாட்டிக்கும். கண்ணை விட சின்ன மீன் அப்படியே ஊடுருவி போயிடும், ரொம்ப பெரிய மீனுக்கு தலையே நுழையாது. அதாவது எந்த சைஸ் மீன் சாகணும், எது தப்பிக்கணும்னு முடிவு பண்றது கண்ணுதான். அதனாலதான் சட்டம் போடுறவங்க எல்லாரும் கண்ணுலேர்ந்து ஆரம்பிக்கிறாங்க, அதுல எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்ல.

இது நேத்து வந்த பிரச்சனையும் இல்ல. 1901ல ரயில் கென்யா ஏரிக்கரைல இருக்கற கிசுமு வரைக்கும் வந்துச்சு, 1905ல கென்யா பக்கத்து வளைகுடாவுல மொத மொதலா செவுள்வலை எறங்குச்சு. அதுக்கு முன்னாடி அந்த ஊர் ஜனங்க பாப்பிரஸ் கோரையில வலை மாதிரி பின்னியும் கூடு வச்சும் பிடிச்சிட்டு இருந்தாங்க. அப்ப ஏரியோட ராஜா ங்கேகேன்னு ஒரு மீன், அந்த ஏரிக்குன்னே உள்ள திலாப்பியா வகை, ருசின்னா அப்படி ஒரு ருசின்னு வயசானவங்க இப்பவும் சொல்வாங்க. ஆரம்பத்துல ஒரு வலையை ஒரு ராத்திரி போட்டா 50 முதல் 100 மீன் வரைக்கும் கெடைச்சதாம், இருபது முப்பது வருஷத்துக்குள்ள அது பத்துக்கும் கீழ போயிடுச்சு. மைக்கேல் கிரஹாம்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1927, 28ல ஏரி முழுக்க சுத்திப் பார்த்து, 5 இன்ச்சுக்கு கீழ உள்ள வலையை விடாதீங்கன்னு எழுதிக் கொடுத்தார். 1933ல அது சட்டமும் ஆச்சு. ஆனா ஆபீசுல உக்காந்து போட்ட சட்டத்தை அவ்வளவு பெரிய கரையில காவல் காக்க ஆளு இல்ல, மீன் குறைய குறைய ஜனங்க சின்னக் கண்ணுக்கு மாற, காலனி அரசாங்கங்களுக்கே அலுத்துப்போய் 1950கள்ல உகாண்டா, தான்சானியா பக்கம் அதை எடுத்துட்டாங்க, கென்யால 1961ல எடுத்தாங்க. அதுக்கப்புறம் கண்ணு சின்னதாகிட்டே போச்சு, ங்கேகேயும் போயிடுச்சு. இன்னிக்கு அந்த ஏரில திலாப்பியான்னு விக்கிறது வெளியிலேர்ந்து கொண்டுவந்து விட்ட நைல் திலாப்பியா.

அதே சமயத்துல கொண்டுவந்து விட்ட இன்னொரு மீன்தான் நைல் பெர்ச். 1950கள்லேர்ந்து 60களோட ஆரம்பம் வரைக்கும் விட்டாங்க, இருபது வருஷம் சத்தமே இல்ல, 1980கள்ல திடீர்னு ஏரி முழுக்க அதுதான். ஏரிக்குன்னே இருந்த சின்னச் சின்ன மீன் இனங்கள் சுமார் 500 இருந்துச்சு, அதுல கிட்டத்தட்ட 200 காணாமப் போயிடுச்சுன்னு சொல்றாங்க. ஆனா அந்த பெர்ச்சால ஏரியைச் சுத்தி ஃபேக்டரி மொளைச்சுது, ஐரோப்பாவுக்கு ஃபில்லே, அதாவது முள்ளு எடுத்த சதைத்துண்டு, ஏற்றுமதி ஆச்சு. அந்த ஃபேக்டரிகள்ல நம்ம நாட்டுக்காரங்க நெறைய பேர், மொதலாளியாவும் உண்டு, என்னை மாதிரி சம்பளத்துக்கு வந்தவங்களும் உண்டு.

சரி, ஃபேக்டரில என்ன நடக்கும்னு சொல்றேன். ஐஸ் போட்ட லாரி வந்து பிளாட்ஃபார்ம்ல பின்பக்கமா நிக்கும். கதவைத் தெறந்ததும் ஐஸ் சரிஞ்சு விழும், ஆளுங்க உள்ள எறங்கி மீனை வால்ல பிடிச்சு இழுத்து பிளாஸ்டிக் கிரேட்ல போடுவாங்க. நாங்க செவுளைத் தூக்கிப் பார்ப்போம் செவப்பா இருக்கான்னு, கண்ணு குழி விழுந்திருக்கான்னு பார்ப்போம், அப்புறம் அளவுப் பலகை. வாய் நுனிலேர்ந்து வால் நுனி வரைக்கும், 50 சென்டிமீட்டர்ல ஒரு கோடு, 85ல ஒரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல உள்ள மீனைத்தான் ஃபேக்டரி எடுக்கணும், அதுதான் விதி. 50க்கு கீழன்னா குட்டி, இன்னும் முட்டை போடாதது. 85க்கு மேலன்னா பெரிய தாய்மீன், லட்சக்கணக்குல முட்டை போடுறது, அதை விட்டாத்தான் அடுத்த தலைமுறை. 50 சென்டிமீட்டர் மீன் சுமார் ஒன்றரை கிலோ இருக்கும், ஈரமான பலகைல வச்சதும் வழுக்கும், வாலை லேசா விரிச்சு வச்சா 49 ஆகும், சேத்துப் பிடிச்சா 50 ஆகும். அந்த ஒரு சென்டிமீட்டர்ல எவ்வளவு பேரம் நடக்கும்னு அங்க நின்னு பார்த்தாத்தான் தெரியும். சீசன் டல்லா இருக்கறப்ப, மெஷின் சும்மா நிக்குது, ஆர்டர் பெண்டிங்ல இருக்கு, விமானத்துல எடம் புக் பண்ணியாச்சு, அப்ப மேலேர்ந்து ஒருத்தர் வந்து பலகையை ஓரமா வைங்கன்னு சொல்வார். அன்னிக்கு 45ம் உள்ள போகும். எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்ல.

பெரிய மீன் விஷயம் இன்னும் மோசம். பெர்ச்சோட வயித்துக்குள்ள காத்துப்பை இருக்குல்ல, அதைக் காயவச்சு ஹாங்காங், சீனாவுக்கு அனுப்புறாங்க, அங்க சூப்புக்கும் மருந்துக்கும்னு அப்படி ஒரு மவுசு. கிலோ வெலைல பார்த்தா சதை அது பக்கத்துலயே நிக்க முடியாது. மீன் பெருசாக பெருசாக பையும் பெருசு, பை பெருசாக பெருசாக கிலோவுக்கு ரேட்டும் ஏறும். இப்ப யோசிச்சுப் பாருங்க, 85க்கு மேல உள்ள தாய்மீனை தண்ணில விடுன்னு சட்டம் சொல்லுது, அதைக் கொண்டுவா கையில காசு தரேன்னு கரையில ஒருத்தன் நிக்கிறான். படகுல இருக்கறவன் யார் பேச்சைக் கேப்பான்?

தடை பண்ண வலைகள்ல என்னைக் கேட்டா மோசமானது மோனோஃபிலமென்ட், ஒத்தை இழை நைலான். எங்க மாமா தூத்துக்குடில கடலுக்குப் போறவர், அந்த வலையை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புனேன், ஒடனே வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "மருமவனே இது நம்ம தங்கூஸ்லா, இதயா அங்கயும் போடுறானுவ"ன்னார். தங்கூசி வலைன்னு நம்ம கடற்கரை முழுக்கத் தெரியும், இலங்கையிலயும் தடை, ஆனா அங்கயும் வழக்கு, சண்டைன்னு ஓடிட்டேதான் இருக்கு. அதுல பிரச்சனை என்னன்னா தண்ணில கண்ணுக்கே தெரியாது, அதனால மீன் பார்த்து வெலகாது. வெலையும் கம்மி. இழை வலுவில்லாததால சீக்கிரம் அறுந்துடும், அறுந்ததை அப்படியே ஏரில விட்டுட்டு புதுசு வாங்கிடுவாங்க. அந்த அறுந்த வலை மக்காது, அடில கெடந்து யாருக்கும் பிரயோஜனம் இல்லாம மீனைக் கொன்னுக்கிட்டே இருக்கும்.

அப்புறம் கரைவலை, தான்சானியால மகோகோரோன்னு சொல்வாங்க. கரையோரமா அரைவட்டமா போட்டு ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு இழுக்கறது. நம்மூர்ல கரைவலைன்னா அது கடல், பெரிய மணல்கரை, ஒரு ஊரே சேர்ந்து இழுக்கும். ஆனா இந்த ஏரில ஓரத்துக் கோரைக்காட்டுலதான் திலாப்பியா குழி தோண்டி முட்டை போடும், பெர்ச் குஞ்சும் அங்கதான் வளரும், அதை மொத்தமா வழிச்சு எடுத்துட்டா என்ன மிச்சம்? இதுல ஒரு சிக்கல் இருக்கு, பல பேருக்குத் தெரியாது. ஆயிரக்கணக்குல ஊசி கட்டுற நீளத் தூண்டில் போடுறதுக்கு உயிர் இரை வேணும், சின்ன மீனு, கெளுத்தி குஞ்சு இதெல்லாம். தூண்டில் சட்டப்படி சரி, ஆனா அந்த இரையை எப்படிப் பிடிக்கிறாங்க? பொடிக்கண்ணு கரைவலை வச்சுத்தான்.

வலையை ஒண்ணுமேல ஒண்ணா தைக்கிறதும் தப்பு. ஒரு பாகம் 26 கண்ணு ஒசரம், அதுக்கு மேல கூடாது. மூணு பாகத்தை மேலயும் கீழயும் கோத்து தைச்சுட்டா தண்ணி மேல்மட்டத்துலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே அடைப்பு. கண்ணு 7 இன்ச் சரியாத்தான் இருக்கும், ஆபீசர் அளந்து பார்த்தா பாஸ், ஆனா மீனுக்கு சந்தே கெடையாது.

இதையெல்லாம் யாரு கண்காணிக்கிறது? மூணு நாடும் சேர்ந்து 1994ல ஒப்பந்தம் போட்டு விக்டோரியா ஏரி மீன்வள அமைப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஆபீஸ் உகாண்டால ஜிஞ்சால இருக்கு. கரைக்கு கரை உள்ளூர்க்காரங்க கமிட்டியும் வந்துச்சு, பிஎம்யூன்னு சொல்வாங்க, படகு மொதலாளி, கூலியாளு, மீன் விக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் அதுல எடம் உண்டு. சில கரைல நல்லா நடந்துச்சு, சில கரைல கமிட்டித் தலைவரே திருட்டுவலை மொதலாளி. 2015 கடைசில, தேர்தல் நெருங்குற நேரத்துல, உகாண்டா ஜனாதிபதி அந்தக் கமிட்டிகளோட வேலையை நிறுத்தி வச்சார். அதுக்கப்புறம் 2017ல ராணுவத்தை ஏரில எறக்குனாங்க. சட்டத்துல சொன்ன 28 அடிக்கு கம்மியான படகெல்லாம் பிடிச்சு கரையில போட்டு எரிச்சாங்க, வலையைக் குவிச்சு எரிச்சாங்க. தான்சானியாலயும் 2018ல ஆபரேஷன் சங்காரான்னு பேர் வச்சு இதேதான், சங்காரான்னா அங்க பெர்ச்.

உள்ளதை உள்ளபடி சொல்லணும்னா பலன் இருந்துச்சு. பெரிய மீன் வர ஆரம்பிச்சுது, மூடிக்கெடந்த ஃபேக்டரி சிலது திரும்பத் தெறந்துச்சு, ஏற்றுமதி கூடுச்சு. அதை இல்லன்னு சொல்றவங்க ஏரியைப் பார்க்காதவங்க. ஆனா யாரோட முதுகுல நடந்துச்சு அது? அடி, உதை, ஆளு செத்துப்போனதுன்னு புகார் பார்லிமென்ட் வரைக்கும் போச்சு. எரிஞ்சுபோன படகு யாரோடது? 28 அடி படகுக்கு பலகை வாங்க வசதி இல்லாம சின்னப் படகு வச்சிருந்தவனோடது. படகுல போற கூலியாளுக்கு அங்க பரியான்னு பேரு. அவனுக்குப் படகும் சொந்தமில்ல, வலையும் சொந்தமில்ல, ராத்திரி பூரா போட்டு இழுத்துட்டு வந்து எண்ணெய்க் காசு கழிச்சு, படகு பங்கு கழிச்சு, வலை பங்கு கழிச்சு மிச்சத்துல பங்கு. வலை எந்தக் கண்ணுன்னு முடிவு பண்றது மொதலாளி, அவர் தலைநகர் கம்பாலாவுல வீட்ல இருப்பார். பிடிபடுறது இவன். வலை எரிஞ்சா கடன் யார் தலைல விழும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

எரிச்ச அடுத்த வாரமே அதே தங்கூஸ் வலை மறுபடி வந்துடும், அதுதான் எனக்கு ஆத்திரமா வர்ற எடம். இந்த வலை ஏரில வெளையிறது இல்ல. கன்டெய்னர்ல வருது, துறைமுகத்துல எறங்குது, அங்க ஒருத்தர் கையெழுத்து போடுறார், லாரில ஏறி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் வருது, வழில எத்தனையோ செக்போஸ்ட், அப்புறம் டவுன்ல கடைல தொங்குது. வலை கண்ணாடி மாதிரி மின்னும், தொட்டுப் பார்த்தாலே தெரியும் ஒத்தை இழைன்னு. சில கடைல லேபிள் 5 இன்ச்னு போட்டிருக்கும், எழுத்து நல்லா பெருசா, முடிச்சுக்கு முடிச்சு இழுத்து அளந்தா நாலரைதான் வரும். வாங்குற மீனவன் டேப் எடுத்துட்டா போவான்? ஏரிக்கரை நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், தீவு மட்டும் நூத்துக்கணக்குல, அங்க படகை வெரட்டிக்கிட்டு ஓடுறது சுலபமா, இல்ல நாலஞ்சு துறைமுக, எல்லை கேட்டுல கன்டெய்னரைத் தெறந்து பார்க்கிறது சுலபமா?

வாங்குற பக்கத்துல கை வச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு இந்த ஏரிலயே உதாரணம் இருக்கு. 1990கள் கடைசில சில பேர் பூச்சிமருந்தைத் தண்ணில ஊத்தி மீன் பிடிச்சாங்க. விஷயம் வெளிய வந்ததும் 1999ல ஐரோப்பிய யூனியன் விக்டோரியா ஏரி மீனே வேணாம்னு கதவை மூடிடுச்சு. ஃபேக்டரி நின்னுச்சு, லாரி நின்னுச்சு, கரையில வெலை தரைமட்டம். அப்ப எந்த ராணுவமும் வரல, ஆனா ஃபேக்டரிக்காரங்க, லாரிக்காரங்க, படகு மொதலாளிங்க எல்லாரும் சேர்ந்து மருந்து ஊத்துறவனைத் தேடிப் பிடிச்சாங்க, பரிசோதனைக்கூடம் வந்துச்சு, கரையில சிமென்ட் தளம் வந்துச்சு, எந்த மீன் எந்தக் கரைன்னு எழுதி வைக்கிற பழக்கமும் வந்துச்சு. அப்புறம் தடையும் நீங்கிடுச்சு. மருந்து மீனுக்கு நடந்தது குட்டி மீனுக்கு ஏன் நடக்கல? குட்டி மீனைச் சாப்பிட்டா ஐரோப்பாவுல யாருக்கும் வயித்து வலி வராது, அவ்வளவுதான் காரணம்.

ஃபேக்டரி வேண்டாம்னு சொன்னாலும் குட்டி மீன் வீணாப் போறது இல்லங்கிறதையும் சொல்லணும். பொக போட்டு, உப்பு போட்டு காயவச்சு காங்கோ, தெற்கு சூடான் பக்கம் லாரில போகுது. அங்க ஏழை ஜனங்க சாப்பாடு அது. ஃபில்லே எடுத்த பிறகு மிஞ்சுற எலும்புக்கூட்டையே எண்ணெய்ல பொரிச்சு விக்கிற ஊர்ல, குட்டி மீனை வாங்காதேன்னு ஒரு தாய்கிட்ட சொல்ல எனக்கு வாய் வராது. அதனால தடுக்க வேண்டியது லாரியை, மொத்த வியாபாரியை, சந்தையில கூடை வச்சு விக்கிற பொம்பளையை இல்ல.

இன்னொரு பக்கம் சில ஆய்வாளர்கள் சொல்றதும் காதுல விழுது. வலைக்கண்ணை மட்டும் பார்த்து பிரயோஜனம் இல்ல, ஊர்களோட சாக்கடையும் வயல் உரமும் ஏரில கலந்து பாசி ஏறி அடித்தண்ணில ஆக்சிஜனே இல்லாம போகுது, மீன் ஏறுறதும் எறங்குறதும் அதைப் பொறுத்துதான், சின்ன மீன் பெரிய மீன் எல்லாத்தையும் அது அது வளர்ற வேகத்துக்கு ஏத்த மாதிரி பிடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு. சாக்கடை விஷயத்துல நூத்துக்கு நூறு ஒத்துக்கிறேன், பச்சையா நுரை ஒதுங்குற கரையை நானே பார்த்திருக்கேன். ஆனா அதைக் காரணமா வச்சு கண்ணை விட்டுடலாம்னு சொல்றது சரியில்ல, சாக்கடையைச் சுத்தம் பண்ண முப்பது வருஷம் ஆகும், அதுவரைக்கும் குட்டி பெர்ச் காத்திருக்காது.

முக்கேனே விஷயத்துல மட்டும் அந்த ஆய்வாளர்கள் பக்கம் நியாயம் இருக்குன்னு தோணுது. முக்கேனேன்னா நம்ம நெத்திலி மாதிரி வெள்ளி நெற பொடி மீனு, கென்யால ஒமேனா, தான்சானியால டகா. இன்னிக்கு ஏரில பிடிபடுற மீன்ல எடை கணக்குல பாதிக்கு மேல இதுதான். அமாவாசை பக்கத்து ராத்திரில விளக்கு மெதக்க விட்டு, முன்னாடி மண்ணெண்ணெய் பெட்ரோமாக்ஸ், இப்ப சோலார் பல்பு, வெளிச்சத்துக்கு கூடுனதும் பொடிக்கண்ணு வலைல அள்ளுவாங்க. தூரத்துலேர்ந்து பார்த்தா ஏரி மேல ஒரு டவுனே எரியிற மாதிரி தெரியும். சீக்கிரம் வளரும், சீக்கிரம் முட்டை போடும், எவ்வளவு அள்ளுனாலும் திரும்ப வரும், ஏழைக்கு மலிவுப் புரதம். இதுக்கும் கண்ணு 10 மில்லிமீட்டருக்கு கீழ போகக்கூடாதுன்னு விதி இருக்கு, அது கூட சரி. ஆனா ஹரி அப்னு சொல்ற வேகமா சுத்தி இழுக்கிற முறையை உகாண்டால மொத்தமா தடை பண்ணுனப்ப பாதிக்கப்பட்டது முக்கேனே காயவைக்கிற ஆயிரக்கணக்கான பொம்பளைங்க. நடு ஏரில போட்டா அதுல பெர்ச் குஞ்சு கம்மி, கரையோரம் போட்டா அதிகம். அப்ப கரைலேர்ந்து இவ்வளவு தூரத்துக்குள்ள போடாதேன்னு சொல்லலாமே, வலையையே ஏன் ஒழிக்கணும்? நம்ம ஊர் சுருக்குமடி வலைக்கு 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவுல 12 கடல்மைலுக்கு வெளிய, வாரத்துல ரெண்டு நாள்னு எல்லை போட்டுக் கொடுத்த மாதிரி. அந்த உத்தரவுல எங்க மாமாவுக்கு வருத்தம்தான், அது வேற சண்டை. ஆனா தூரத்தையும் நேரத்தையும் வச்சு ஒழுங்குபடுத்த முடியும்ங்கிற வரைக்கும் அது ஒரு வழி.

உகாண்டால 2022ல மீன்வளத்துக்குப் புது சட்டம் வந்திருக்கு, அபராதமெல்லாம் பழசை விட பல மடங்கு. அந்த அபராதம் பரியா தலைல விழப்போகுதா, கன்டெய்னர் எறக்குனவர் தலைல விழப்போகுதாங்கிறதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. ஒரு ஃபேக்டரியோட ஏற்றுமதி லைசென்ஸ் 50 சென்டிமீட்டருக்கு கீழ மீன் எடுத்ததுக்காக ஆறு மாசம் நிறுத்தப்பட்டுச்சுன்னு ஒரே ஒரு செய்தி வரட்டும், அடுத்த லாரிலேர்ந்து எல்லா பிளாட்ஃபார்ம்லயும் அளவுப் பலகை நடுவுக்கு வந்துடும், லாரிக்காரன் கரையிலயே அளந்துதான் ஏத்துவான், படகு மொதலாளி தானா போய் 7 இன்ச் வலை வாங்குவார். மூணு நாட்டுலயும் ஒரே நாள்ல இதைச் செய்யணும், இல்லன்னா உகாண்டால வாங்காத மீன் ராத்திரியோட ராத்திரியா அடுத்த நாட்டுக் கரைல எறங்கும். அதுக்குத்தான் 1994லயே ஒரு அமைப்பு வச்சிருக்காங்க, ஆபீஸ் இருக்கு, கட்டடம் இருக்கு, ஆளு இருக்கு. கன்டெய்னர் வர்ற துறைமுகம் முக்கியமா ரெண்டுதான், மொம்பாசாவும் தார் எஸ் சலாமும், மொத ஆபீசரை அங்க போடுங்க.